ஜப்பானில் கட்சிகள் பிறந்த கதை: நம் சங்கத்துக்கு என்ன பாடம்?

(சங்கத்தின் மாதாந்திரப் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை. வர இயலாத தோழர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



போன மாதக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. தேர்தல் வருகிறது. நம் குடியிருப்பில் இத்தனை குடும்பம், இத்தனை ஓட்டு என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஆட்கள் வந்து போகிறார்கள். “சங்கம் மொத்தமாக எங்கள் பக்கம் வந்துவிடட்டும், தண்ணீர்க் குழாய், ரேஷன் கார்டு எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்கிறார்கள். போகலாம் என்றவர்களும் நம் ஆட்கள். கூடாது என்றவர்களும் நம் ஆட்கள். பேச்சு சூடாகிப் பாதியில் நின்றது. கட்சி என்பது எப்படிப் பிறக்கிறது, பிறந்த பிறகு யார் கைக்குப் போகிறது என்பதை ஒரு தேசத்தின் கதையை வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று கலைந்தோம். அதற்கு ஜப்பானை எடுத்துக்கொண்டோம்.

ஏன் ஜப்பான்? அது எந்த வெள்ளைக்கார நாட்டுக்கும் அடிமையாகாமல், தானே கட்சிகளையும் நாடாளுமன்றத்தையும் உண்டாக்கிக்கொண்ட ஆசிய நாடு. 1874-இல் முதல் கட்சி. 1890-இல் முதல் தேர்தல். 1918-இல் கட்சித் தலைவரே பிரதமர். ஒரு மனிதனின் ஆயுசுக்குள் கட்சியின் பிறப்பையும் வளர்ப்பையும் பார்த்துவிடலாம்.

பதவி போனவர்கள் தொடங்கிய கட்சி

1868-இல் ஷோகன் என்ற படைத்தலைவரின் குடும்ப ஆட்சியைச் சில மாகாணங்களின் சாமுராய்கள் கவிழ்த்தார்கள். சக்கரவர்த்தியின் பெயரால் புதிய அரசாங்கம் வந்தது. பொது விஷயங்களைச் சபை கூட்டி, விவாதித்து முடிவு செய்வோம் என்று சக்கரவர்த்தியின் வாயாலேயே அந்த வருஷம் உறுதிமொழி சொல்ல வைத்தார்கள். நடந்தது வேறு. சட்சுமா, சோஷு என்ற இரண்டு மாகாணத்தாரே பெரும்பாலான நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டார்கள். கட்டாயப் பள்ளி, கட்டாய ராணுவ சேவை என்று உத்தரவுகள் வந்தன. 1873-இல் நிலத்தின் மதிப்பில் நூற்றுக்கு மூன்று வீதம் ரொக்கமாக வரி கட்டவேண்டும் என்று வைத்தார்கள். விளைந்தால் என்ன, பொய்த்தால் என்ன, வரி ஒன்றுதான்.

அதே 1873-இல், கொரியாவின் மேல் படையெடுப்பதா வேண்டாமா என்ற சண்டையில் சில மந்திரிகள் தோற்று வெளியேறினார்கள். அவர்களில் ஒருவர் டோசா மாகாணத்துச் சாமுராய், இடகாகி டைசுகே. 1874 ஜனவரியில் அவரும் கூட்டாளிகளும் ‘தேசபக்தர் பொதுக் கட்சி’ என்று ஒன்றைத் தொடங்கி, மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். வரி கட்டுகிறவனுக்கு அரசாங்கக் காரியங்களை அறியவும், சரி தவறு சொல்லவும் உரிமை உண்டு என்பது அவர்கள் வாதம். நல்ல வாதம். ஆனால் யாருக்கு ஓட்டு என்று கேட்டபோது, முதலில் சாமுராய்களுக்கும் வசதியுள்ள விவசாயி, வியாபாரிகளுக்கும் என்றார்கள். பதவி போன கோபமும் மக்கள் உரிமையும் ஒரே மனுவில் கலந்திருந்தன. இதை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிராமத்துக் களஞ்சிய அறையில் 204 பிரிவுகள்

ஆனால் தோழர்களே, விதை போட்டவன் எண்ணப்படியேதான் செடி வளரும் என்பதில்லை. அந்த மனு பத்திரிகையில் வந்ததும் ஊர் ஊராகப் பேச்சு பரவியது. கிராமங்களில் படிப்பு வட்டங்கள் முளைத்தன. இன்று நாம் உட்கார்ந்திருக்கிறோமே, இதேபோல. 1880-இல் ஒசாகாவில் பிரதிநிதிகள் கூடி, நாடாளுமன்றம் கேட்டு 87,000 பேர் சார்பில் மனுக் கொண்டுபோனார்கள். அரசாங்கம் வாங்க மறுத்தது. அந்த ஏப்ரலிலேயே கூட்டச் சட்டம் போட்டது. போலீஸ் அனுமதி இல்லாமல் அரசியல் கூட்டம் கூடாது. பேசுகிறவர் யார், எதைப் பற்றி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் போலீஸ்காரர் உட்கார்ந்திருப்பார், பிடிக்காவிட்டால் கலைத்துவிடுவார். வாத்தியாரும் மாணவரும் அரசியல் கூட்டத்துக்கே வரக்கூடாது.

டோக்கியோவுக்கு மேற்கே மலையடிவாரத்தில் இத்சுகாய்ச்சி என்ற ஊர். அங்கே வட்டம் கூடி விவாதித்தவர்கள் விவசாயிகள், உள்ளூர் வியாபாரிகள், வாத்தியார்கள். அவர்கள் விவாதங்களின் பயனாக 1881-இல் ஓர் அரசியல் சட்டமே எழுதப்பட்டது. மொத்தம் 204 பிரிவுகள். எழுதியவர் சிபா தகுசாபுரோ என்ற பள்ளி ஆசிரியர். அந்த ஊர்க்காரர் அல்ல. வடக்கே தோற்றுப்போன பக்கத்துச் சாமுராய் குடும்பத்தில் பிறந்து, பல ஊர் அலைந்து, அங்கே வந்து தங்கியவர். அரசியல் குற்றத்துக்குத் தூக்குத் தண்டனை கூடாது என்று ஒரு பிரிவு. ஊராட்சியில் மத்திய அரசு கைவைக்கக் கூடாது என்று ஒரு பிரிவு. 1883-இல், முப்பத்தோரு வயதில், சயரோகத்தில் அவர் இறந்துபோனார். அந்தக் காகிதம் ஒரு வீட்டுக் களஞ்சிய அறையிலேயே கிடந்து, 1968-இல்தான் சரித்திர ஆசிரியர்கள் கண்ணில் பட்டது. படித்தவர்கள் தலைநகரில் செய்யும் வேலை அரசியல் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் களஞ்சியம் பதில் சொல்கிறது.

பெண்களும் பின்தங்கவில்லை. டோசாவில் குசுனோசே கீடா என்ற விதவைத் தாய் 1878-இல் ஒரு கேள்வி கேட்டார். வீட்டுத் தலைவி என்று எனக்கு வரி போடுகிறீர்கள். உள்ளூர்த் தேர்தலில் எனக்கு ஏன் ஓட்டு இல்லை? வரியை நிறுத்திவைத்து, மேலிடம்வரை மனுப் போட்டார். 1880-இல் அந்தப் பகுதியில் இரண்டு ஊர்கள் குடும்பத் தலைவிகளுக்கு உள்ளூர் ஓட்டைக் கொடுத்தன. 1884-இல் அரசாங்கம் அதைப் பிடுங்கிக்கொண்டது. கிஷிதா தோஷிகோ என்ற இளம்பெண் 1882 முதல் மேடை ஏறிப் பெண்ணுரிமை பேசினார். மறு வருஷமே ஒரு பேச்சுக்காகக் கைது செய்து அபராதம் போட்டார்கள்.

இரண்டு கட்சிகள், இரண்டு கம்பெனிகள்

1881-இல் ஓர் ஊழல் வெடித்தது. வடக்கே ஹொக்கைடோ தீவில் அரசாங்கம் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் யென் செலவழித்து உண்டாக்கிய சொத்துகளை, 3 லட்சத்து 90 ஆயிரம் யென்னுக்கு, வட்டியில்லாமல் முப்பது வருஷத் தவணையில், வேண்டியவர்களுக்குக் கொடுக்க ஏற்பாடாயிற்று. நாடு கொதித்தது. விற்பனையை ரத்துச் செய்தார்கள். 1890-இல் நாடாளுமன்றம் கூடும் என்று அக்டோபரில் சக்கரவர்த்தி பெயரால் வாக்களித்தார்கள். கூடவே, நாடாளுமன்றம் சீக்கிரம் வேண்டும் என்று உள்ளிருந்து வாதாடிய மந்திரி ஓகுமா ஷிகெனோபுவை வெளியே தள்ளினார்கள்.

அதே மாதம் இடகாகி தலைமையில் ஜியூட்டோ, அதாவது ‘சுதந்திரக் கட்சி’ பிறந்தது. 1882-இல் ஓகுமா தலைமையில் கைஷின்டோ, ‘முன்னேற்றக் கட்சி’ வந்தது. முன்னதுக்குக் கிராமம் பலம். பின்னதுக்கு நகரத்துப் படித்தவர்களும் வியாபாரிகளும் பலம். 1882 ஏப்ரலில் கிஃபு என்ற ஊரில் இடகாகியை ஒருவன் கத்தியால் குத்தினான். அவர் பிழைத்தார். நான் செத்தாலும் சுதந்திரம் சாகாது என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் நாடெங்கும் பரவியது.

இரண்டு கட்சியும் சேர்ந்து நின்றிருந்தால் அரசாங்கம் திணறியிருக்கும். அரசாங்கம் என்ன செய்தது? அடிப்பதோடு நிற்கவில்லை, உபசாரமும் செய்தது. அந்த வருஷக் கடைசியில் இடகாகி ஐரோப்பா சுற்றிப் பார்க்கப் போனார். அரசாங்கத்தின் ஏற்பாட்டில், மிட்சுயி என்ற பெரிய கம்பெனியிலிருந்து வந்த பணம் அது. அது எங்கிருந்து வந்தது என்று இடகாகிக்கே தெரியாது என்பாரும் உண்டு. தெரியாமல் இருந்திருக்கலாம். கட்சித் தலைவரின் கப்பல் செலவு எங்கிருந்து வருகிறது என்று கட்சிக்கே தெரியாமல் இருந்ததுதான் கேடு. கேட்ட தோழர்கள் விலகிப் போனார்கள். மிட்சுயி பணம் வாங்கினாய் என்று முன்னேற்றக் கட்சி ஏசியது. நீ மிட்சுபிஷி கப்பல் கம்பெனியின் ஆள் என்று சுதந்திரக் கட்சி திருப்பி ஏசியது. வரியைப் பற்றிய பேச்சு காற்றில் போயிற்று. அதே வருஷம் கூட்டச் சட்டத்தையும் இறுக்கி, கட்சிகள் ஊர்க் கிளைகள் வைக்கக்கூடாது என்றார்கள். கிளை இல்லாத கட்சி தலையை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி நடக்கும்?

சிச்சிபு

இப்போது இந்தக் கதையின் நடுவுக்கு வருகிறோம். 1881 முதல் நிதி மந்திரி மட்சுகாடா காகிதப் பணத்தைச் சுருக்கினார். அரிசி விலை விழுந்தது, பட்டு விலை விழுந்தது. வரி மட்டும் ரொக்கத்தில் அப்படியே நின்றது. டோக்கியோவுக்கு வடமேற்கே சிச்சிபு என்ற மலைப்பகுதியில் ஜனங்கள் பட்டுப்புழு வளர்த்துப் பிழைத்தவர்கள். கடன் வாங்கி வரி கட்டினார்கள். கடனை அடைக்கக் கடன் வாங்கினார்கள். கந்துவட்டிக்காரன் நிலத்தை எடுத்துக்கொண்டான். இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. நம்மில் பலபேர் ஊரை விட்டு ரயில் ஏறியதே இப்படித்தான்.

அவர்கள் ‘கொன்மின்டோ’ என்று ஒன்று கட்டினார்கள். கஷ்டப்படுகிறவர்களின் கட்சி என்று பொருள். அதில் முன்னின்ற சிலர் சுதந்திரக் கட்சியில் சேர்ந்திருந்த விவசாயிகள். கோரிக்கை என்ன? கடனைப் பத்து வருஷம் நிறுத்திவை, பிறகு நாற்பது வருஷத் தவணையில் கட்டுகிறோம். பள்ளிச் செலவு தாங்கவில்லை, மூன்று வருஷம் மூடிவை. வரியைக் குறை. கடனே கொடுக்க மாட்டோம் என்றுகூட அவர்கள் சொல்லவில்லை. மாதக்கணக்கில் மனுப் போட்டார்கள். போலீஸும் கேட்கவில்லை, கடன்காரனும் கேட்கவில்லை.

1884 அக்டோபர் 29 அன்று ஒசாகாவில் சுதந்திரக் கட்சித் தலைவர்கள் கூடி, கட்சியைக் கலைத்துவிட்டார்கள். அடக்குமுறை ஒரு பக்கம், பணமுடை ஒரு பக்கம், அங்கங்கே கீழே உள்ளவர்கள் கையை மீறிப் போகிறார்கள் என்ற பயம் ஒரு பக்கம். மூன்றாம் நாள், நவம்பர் 1 அன்று, சிச்சிபுவில் மூங்கில் ஈட்டியும் வேட்டைத் துப்பாக்கியுமாக ஏறக்குறைய 3,000 பேர் ஒரு கோயிலில் கூடினார்கள். அவர்கள் எந்தக் கட்சியை நம்பினார்களோ, அது அன்றைக்கு இல்லை.

கூடிய இடத்தில் அவர்கள் ஐந்து கட்டளை வாசித்தார்கள். சொந்தத்துக்குப் பணம் பறிக்கக் கூடாது. பெண்களிடம் தவறாக நடக்கக் கூடாது. குடித்துக் கூத்தடிக்கக் கூடாது. சொந்தப் பகைக்குத் தீ வைக்கக் கூடாது. தலைமையின் கட்டளையை மீறக் கூடாது. மீறினால் தலை போகும். பிறகு போய்க் கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். மாவட்ட அலுவலகத்தைப் பிடித்தார்கள். கூட்டம் பெருகியது. பத்து நாளுக்குள் ராணுவம் வந்து அடக்கிவிட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தண்டனை அடைந்தார்கள். தலைவர் தாஷிரோ எய்சுகேயும் வேறு சிலரும் 1885-இல் தூக்கிலிடப்பட்டார்கள்.

பொருளாளராக இருந்த இனோவே தென்சோ தப்பினார். வடக்கே ஹொக்கைடோவுக்குப் போய், வேறு பெயர் வைத்துக்கொண்டு, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். 1918-இல் மரணப் படுக்கையில்தான் மனைவியையும் மகனையும் அழைத்துத் தன் சொந்தப் பெயரைச் சொன்னார். பிழைக்க வந்த ஊரில் சொந்தப் பெயரை மறைத்து வாழ்வது என்ன வேதனை என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை.

நாற்பதில் ஒருவருக்கும் இல்லாத ஓட்டு

1889-இல் அரசியல் சட்டம் வந்தது. மக்கள் எழுதியதல்ல, சக்கரவர்த்தி அருளியது. 1890 ஜூலையில் முதல் தேர்தல். 25 வயது நிறைந்த ஆண், வருஷம் 15 யென் நேரடி வரி கட்டினால்தான் ஓட்டு. நாலு கோடி ஜனத்தில் ஓட்டுப் போடத் தகுதி உள்ளவர் நாலரை லட்சம். நூற்றுக்கு ஒருவர். பெண்கள் அரசியல் கூட்டத்துக்கு வரவும், கட்சியில் சேரவும் அதே வருஷம் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

அந்தச் சபையிலும் ஒரு நல்ல மனிதர் இருந்தார். நாகாயே சோமின். ரூசோவின் நூலை மொழிபெயர்த்தவர். ஒசாகாவில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பகுதியில் பெயரைப் பதிந்துகொண்டு, அவர்கள் ஆதரவோடு ஜெயித்தவர். ஆம், ஜப்பானிலும் தோல் வேலை செய்தவர்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அரசாங்கச் செலவை வெட்டுவோம் என்று சபையில் பெரும்பான்மையாக இருந்த மக்கள் கட்சிகள் சூளுரைத்தன. கடைசி நேரத்தில் சுதந்திரக் கட்சியின் ஒரு பகுதியே அரசாங்கத்தோடு சமரசம் செய்துகொண்டது. வெறுத்துப்போன நாகாயே 1891-இல் பதவியை உதறினார்.

1892 தேர்தலில் அரசாங்கமே போலீஸை ஏவிக் கலகம் செய்தது. 25 பேர் செத்தார்கள். 388 பேர் காயம்பட்டார்கள். அப்படியும் எதிர்க் கட்சிகள் ஜெயித்தன. அடித்து வளைக்க முடியாதவர்களைப் பிறகு பதவி கொடுத்து வளைத்தார்கள். 1896-இல் இடகாகி உள்துறை மந்திரி. 1898-இல் இரண்டு கட்சியும் ஒன்றாகி, ஓகுமா பிரதமர், இடகாகி உள்துறை. நாற்காலிச் சண்டையில் நாலே மாதத்தில் கவிழ்ந்தது. அந்த டிசம்பரில் பழைய சுதந்திரக் கட்சிக்காரர்கள் அரசாங்கத்தோடு கூடி, நிலவரியை இரண்டரையிலிருந்து 3.3-ஆக உயர்த்த ஓட்டுப் போட்டார்கள். நிலவரியைக் குறை என்று கால் நூற்றாண்டு கத்திய அதே வாய்! 1900-இல் இட்டோ ஹிரோபூமி என்ற பழைய ஆளும் கூட்டத்துத் தலைவர் செய்யுகாய் என்ற கட்சியைத் தொடங்க, அவர்கள் எல்லோரும் அதில் போய்ச் சேர்ந்தார்கள்.

எஞ்சின் டிரைவர்கள் தனியாக நின்றது

நம் சங்கத்தில் ரயில்வேக்காரர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். 1898 பிப்ரவரியில், டோக்கியோவின் உயேனோவிலிருந்து வடகோடி அவோமோரிவரை ஓடிய நிப்பான் ரயில்வேயில் எஞ்சின் டிரைவர்களும் ஃபயர்மேன்களும் வேலை நிறுத்தம் செய்தார்கள். சம்பளம் மட்டுமல்ல, மரியாதையும் கோரிக்கை. எங்கள் பதவிப் பெயரை மாற்று, ஆபீஸ்காரனுக்குள்ள அந்தஸ்து எங்களுக்கும் கொடு என்றார்கள். ஜெயித்தார்கள். சங்கம் கட்டினார்கள். ஆபீஸ் நாற்காலியில் உட்காரும் நம்மைப் போன்ற கிளார்க்குகள் இதைக் கேட்டுக் கொஞ்சம் வெட்கப்படவும் வேண்டும்.

இதற்குப் பதில் 1900-இல் வந்தது. பொது அமைதிப் போலீஸ் சட்டம். வேலை நிறுத்தத்துக்கு ஆள் சேர்ப்பதே குற்றம். பெண்களுக்கு விதித்த தடையும் அதில் நீடித்தது. கட்சிகள் நிறைந்திருந்த அதே சபையில்தான் அது நிறைவேறியது. 1901 மே மாதம் கதயாமா சென், அபே இசோ முதலியோர் எல்லோருக்கும் ஓட்டு வேண்டும், எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். இரண்டே நாளில் தடை.

1918-இல் அரிசி விலை ஏறி, டொயாமா கடற்கரை மீனவப் பெண்கள் கிளப்பிய கலகம் நாடெங்கும் பரவியபின், செய்யுகாய் தலைவர் ஹாரா தகாஷி பிரதமரானார். பட்டம் வாங்க மறுத்தவர். சாதாரணர்களின் பிரதமர் என்றார்கள். ஆனால் எல்லா ஆண்களுக்கும் ஓட்டு என்ற மசோதா 1920-இல் வந்தபோது சபையையே கலைத்தார். ஓட்டுக்கு அவர் கண்ட வழி ரயில். எங்களுக்குப் போடு, உன் ஊருக்கு லைன் வரும்! தன் வயலுக்கு மட்டும் தண்ணீர் திருப்புகிறவன் என்று அங்கே ஒரு பழமொழி. அதில் தண்ணீரை எடுத்துவிட்டு ரயிலை வைத்து ஜனங்கள் கேலி செய்தார்கள். 1921-இல் டோக்கியோ ஸ்டேஷனிலேயே, ஒரு ரயில்வே பாயின்ட்ஸ்மேன் அவரைக் குத்திக் கொன்றான். அது வழியல்ல. பின்னால் 1932-இல் ராணுவக்காரர்கள் பிரதமர் இனுகாயைச் சுட்டார்கள். 1940-இல் கட்சிகள் எல்லாம் தாங்களே கலைந்து ராணுவ ஆட்சிக்கு இடம் விட்டன. கத்தியும் துப்பாக்கியும் தொழிலாளிக்கு எதையும் வாங்கித் தரவில்லை.

கடைசியாக 1925. எல்லா ஆண்களுக்கும் ஓட்டு வந்தது. வாக்காளர் தொகை சுமார் 33 லட்சத்திலிருந்து 1 கோடியே 25 லட்சம் ஆயிற்று. ஆனால் ஒரே ஊரில் ஓராண்டு தொடர்ந்து குடியிருக்க வேண்டும் என்று ஒரு வரி. அங்கே பிழைக்க வந்த கொரியத் தொழிலாளிக்கும் சட்டப்படி ஓட்டு உண்டு. வேலை எங்கேயோ அங்கே போகிறவனுக்கு ஓராண்டு ஒரே ஊர் ஏது? பெண்களுக்கு ஓட்டு வர 1945-இன் தோல்வி வேண்டியிருந்தது. 1946 ஏப்ரலில் முதல்முறை ஓட்டுப் போட்டு, 39 பெண்களைச் சபைக்கு அனுப்பினார்கள்.

நமக்கு

கட்சியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கட்சிகள் இல்லாவிட்டால் 1890 சபைகூட வந்திராது. நம்மில் யாரும் எந்தக் கட்சியிலும் சேரலாம், உழைக்கலாம். ஆனால் சிச்சிபு ஜனங்கள் தங்கள் பலத்தை மேலே உள்ள தலைவர்கள் கையில் நம்பி விட்டார்கள்; மேலே கலைத்தபோது கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. சங்கம் நம் கையில் இருக்கவேண்டும் என்பதற்காக நாலு யோசனை வைக்கிறோம்.

ஒன்று: சங்கத்தின் பெயரால் யாரும் யாருக்கும் ஓட்டு வாக்குக் கொடுக்கக் கூடாது. வருகிறவர்கள் இந்த மன்றத்தில், எல்லோர் முன்னிலையிலும் வந்து பேசட்டும். பொறுப்பாளர் வீட்டுத் திண்ணையில் வேண்டாம்.

இரண்டு: பொறுப்பாளரின் பயணச் செலவு உட்பட ஒவ்வொரு பைசாவும் மாதக் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். இப்போது பேசுகிற நமக்கும் சேர்த்துத்தான்.

மூன்று: செயற்குழுவில் தாய்மார்கள் பாதிப்பேர் வேண்டும். டீ போடுவதற்கல்ல, தீர்மானம் போடுவதற்கு.

நாலு: வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதை, வீடு மாறினால் மாற்றி எழுதுவதை, எந்தக் கட்சிக்காரர் தயவும் இல்லாமல் நம் பிள்ளைகளை வைத்து நாமே செய்யவேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால்தான் குழாயைப் பற்றி நம்மிடம் பேச வருவார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இவற்றை ஓட்டுக்கு விடுவோம். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள். போன தடவை போலப் பாதியில் எழுந்து போகாமல், கடைசிவரை இருந்து பேசி முடிப்போம்.